ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கும்போது குதிரைத்திறனைக் கடைசியாகப் பாருங்கள்

குடும்பத்தோடு போகவும், தனியாக இருக்கும்போது ஓட்டி மகிழவும் ஒரே காராக ஒரு சொகுசு ஸ்போர்ட்ஸ் செடான் வாங்க நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பி.எம்.டபிள்யூ எம்3, மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. சி63, ஆல்ஃபா ரோமியோ ஜூலியா என்று மனதில் பல பெயர்கள் இருக்கின்றன. எதை எடுப்பது, புதிதா பழையதா, வாங்கிய பிறகு வைத்துப் பராமரிக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உச்ச மாடலை விட்டுவிட்டு, அதற்கு ஒரு படி கீழே இருப்பதை எடுங்கள். எம்3-க்குப் பதில் எம்340ஐ. ஆடியில் ஆர்எஸ் வரிசையை விட்டு எஸ்4. அல்லது 3.3 லிட்டர் வி6 (வி வடிவில் ஆறு சிலிண்டர்) என்ஜினோடு வந்த ஜெனிசிஸ் ஜி70. விதிவிலக்கு ஒன்றிரண்டு உண்டு, அதைக் கீழே சொல்கிறேன். இந்த வகைக் காரின் சுகம் நீங்கள் தினமும் போகும் 40, 60, 80 கிலோமீட்டர் வேகத்திலேயே கிடைக்க வேண்டும். 200-ஐத் தொட்டால்தான் உயிர் வரும் என்கிற கார், உங்களிடம் இருக்கும் காலமெல்லாம் அரைத் தூக்கத்திலேயே இருக்கும்.

பவரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை தேவைப்படுகிறது. 1980-களின் நடுவில் வந்த பி.எம்.டபிள்யூவின் முதல் எம்5-இல் இருந்தது 286 குதிரைத்திறன். எம்1 என்ற சூப்பர் காரின் ஆறு சிலிண்டர் என்ஜின் வழி வந்ததை 5 சீரிஸ் உடலுக்குள் பொருத்தியிருந்தார்கள்; அன்றைக்கு உலகத்தின் வேகமான செடான்களில் அது ஒன்று. 1990-இல் மெர்சிடிஸ் 500ஈ வந்தது: 5 லிட்டர் வி8, 326 குதிரைத்திறன். அதன் அகலமான ஃபெண்டர்கள் மெர்சிடிஸின் சொந்த அசெம்பிளி லைனுக்குள் அடங்காததால், போர்ஷாவின் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்க் கட்டினார்கள். 1998-இல் வந்த எம்5-இல் (ஈ39 தலைமுறை) இது 400 ஆனது. இப்போது பாருங்கள், முழு எம் கார் (பி.எம்.டபிள்யூவின் உச்ச வேக வரிசை) என்று நிறுவனமே சொல்லிக்கொள்ளாத எம்340ஐ-யிலேயே 370-க்கு மேல் இருக்கிறது.

என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவும் மின்னணுக் கட்டுப்பாடும் வந்த பிறகு பவர் எடுப்பது பெரிய வேலையே இல்லை. இன்றைய தலைமுறை சி63-இல் 2 லிட்டர் நான்கு சிலிண்டர் என்ஜினும் பின் அச்சில் ஒரு மின்மோட்டாரும் சேர்ந்து 680 குதிரைத்திறன் தருகின்றன. கஷ்டமெல்லாம் எடையில்தான். அந்த 1998 எம்5 சுமார் 1,800 கிலோ. 2024-இல் வந்த பிளக்-இன் ஹைபிரிட் (பெட்ரோலோடு, சார்ஜ் ஏற்றும் பேட்டரியிலும் ஓடும்) எம்5-க்கு 727 குதிரைத்திறன், எடை 2,400 கிலோவுக்கு மேல். கூடுதலாக வந்த அந்த 600 கிலோவை ஒவ்வொரு வளைவிலும் டயர்தான் தாங்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பிரேக்தான் நிறுத்த வேண்டும். நேர்கோட்டில் புதியது பழையதைத் தூசியாக்கிவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நிதானமான வேகத்தில் ஒரு வளைவுக்குள் காரைத் திருப்பும்போது கிடைக்கும் அந்த லேசான துள்ளல், எடை ஏற ஏறக் குறைந்துகொண்டே போகிறது. அதனால் விவரப் பட்டியலைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது எடையை. அடுத்தது டயர் அளவு. பவர் கடைசி.

சரி, டெஸ்ட் டிரைவ். பெரும்பாலானவர்கள் இதை வீணாக்குகிறார்கள். விற்பனையாளர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்போர்ட் மோடைப் போடச் சொல்வார், நீங்கள் ஒருமுறை அழுத்தி மிதிப்பீர்கள், முதுகு சீட்டில் ஒட்டும், சிரிப்பு வரும், முன்பணம் கட்டிவிடுவீர்கள். அந்தச் சிரிப்பு எந்த டர்போ காரிலும் வரும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு.

கிளம்புவதற்கு முன் சீட்டில் ஒரு கால் மணி நேரமாவது சும்மா உட்காருங்கள். பெடல்கள் உங்கள் காலுக்கு நேராக இருக்கின்றனவா, ஸ்டீயரிங் உங்கள் மார்புக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். சில கார்களில் இவை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். நீண்ட பயணத்தில் இடுப்பு அதைச் சொல்லிவிடும். எம்3-இல் விருப்பத் தேர்வாக வரும் கார்பன் பக்கெட் சீட் படத்தில் அழகு. தினமும் பலமுறை ஏறி இறங்குபவருக்கு அதன் உயர்ந்த தொடை விளிம்பு பெரிய தொந்தரவு.

காரைக் கம்ஃபோர்ட் மோடில் வைத்து மெதுவாக ஓட்டுங்கள். பிரேக் பெடலின் முதல் ஒரு சென்டிமீட்டரைக் கவனியுங்கள். காலின் அழுத்தத்துக்கு ஏற்றபடி சீராகப் பிடிக்க வேண்டும். முதலில் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று கவ்வக் கூடாது. ஹைபிரிட்களில் மோட்டாரின் மின் பிரேக்கும் வழக்கமான பிரேக்கும் கைமாறும் இடத்தில் இந்தக் குறை அடிக்கடி தெரியும். அடுத்து ஸ்டீயரிங்கை நேர்நிலையிலிருந்து ஒரு விரல்கடை திருப்பிப் பாருங்கள். கார் உடனே, அதே அளவுக்கு மட்டும் நகர வேண்டும். 2010-ஐ ஒட்டி ஹைட்ராலிக் ஸ்டீயரிங் போய் மின் ஸ்டீயரிங் வந்தபோது, சாலையின் சொரசொரப்பு கைக்கு வருவது பெரும்பாலான கார்களில் குறைந்துபோனது. அதனால் மின் ஸ்டீயரிங்கில் நான் எதிர்பார்ப்பது துல்லியம் மட்டும். ஸ்போர்ட் மோடில் ஸ்டீயரிங் கனமாகும். கனம் வேறு, உணர்வு வேறு, ஏமாந்துவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை, வளைவின் நடுவில் ஒரு மேடு பள்ளம் இருக்கும் சாலை. நல்ல ஸ்போர்ட்ஸ் செடான் அதை ஒரே அசைவில் விழுங்கிவிட்டுத் தன் பாதையிலேயே போகும். சுமாரானது ஒருமுறை குதிக்கும், பின்பக்கம் லேசாக விலகும், உங்கள் கை தானாக ஸ்டீயரிங்கைத் திருத்தும். உங்கள் கை திருத்த வேண்டி வந்ததா என்பதைக் கவனித்தாலே போதும், சஸ்பென்ஷனைப் பற்றி வேறு எந்த விமர்சனமும் படிக்க வேண்டியதில்லை. இதைப் பின்சீட்டில் ஒருவரை உட்காரவைத்தும் செய்துபாருங்கள். குடும்பம் அங்கேதானே உட்காரப் போகிறது.

சக்கர அளவு இங்கேதான் வருகிறது. ஷோரூமில் நிற்கும் காரில் பெரும்பாலும் கிடைப்பதிலேயே பெரிய வீல் மாட்டியிருப்பார்கள், பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்பதால். நீங்கள் பிரேக்குக்கு மேல் நுழையக்கூடியதிலேயே சிறிய வீலைக் கேளுங்கள். டயரின் பக்கச்சுவர் உயரமாக இருந்தால் சவாரி மென்மையாகும், பள்ளத்தில் ரிம் வளைவது குறையும், டயர் விலையும் இறங்கும். வளைவில் நீங்கள் இழப்பது மிகக் கொஞ்சம்தான். அடாப்டிவ் டாம்பர் (சாலைக்கேற்பத் தன் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர்) கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் வசதிகளில் நான் தயங்காமல் பரிந்துரைப்பது அது ஒன்றுதான். காற்றுபோனாலும் ஓடும் ரன்-ஃபிளாட் டயர்கள் மாட்டிவரும் கார் கடகடவென்று இருந்தால், சஸ்பென்ஷனைக் குறை சொல்வதற்கு முன் சாதாரண டயர் மாட்டியதை ஒருமுறை ஓட்டிப்பாருங்கள். கார் மாறிவிட்டதோ என்று தோன்றும்.

இனி நீங்கள் சொன்ன பெயர்களுக்கு வருகிறேன்.

ஜூலியாவின் உச்ச மாடலான குவாட்ரிஃபோலியோதான் நான் சொன்ன விதிவிலக்கு. 2.9 லிட்டர் இரட்டை டர்போ வி6, 510 குதிரைத்திறன். ஆனால் அதன் பெருமை அதுவல்ல. கார்பன் ஃபைபர் டிரைவ் ஷாஃப்ட், கார்பன் பானெட் என்று எடையைக் குறைக்க நிஜமாகவே மெனக்கெட்டிருக்கிறார்கள். ஸ்டீயரிங் விகிதம் 11.8:1, செடான்களில் இவ்வளவு விரைவானது அபூர்வம். மணிக்கட்டை அசைத்தால் மூக்கு திரும்பும். அதோடு சவாரியும் மென்மை. உச்ச மாடலாக இருந்தும் 60-இல் உயிரோடு இருக்கும் கார் இது. குறைகள்: பின்சீட் இடம் சுமார், உட்புறப் பொருட்களின் தரம் ஜெர்மன் கார்கள் அளவுக்கு இல்லை, ஆரம்ப ஆண்டுகளின் கார்களில் மின்னணுத் தொல்லைகள் இருந்தன. இந்தக் காரை நன்கு அறிந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் மட்டும் எடுங்கள். சாதாரண 2 லிட்டர் ஜூலியாவிலும் இதே ஸ்டீயரிங் குணம் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். அது பலருக்குப் போதும்.

எம்3-யை எடுத்தே தீருவேன் என்றால், கியர் போட்டு ஓட்டும் அடிப்படை எம்3-யைப் பாருங்கள். இப்போதைய தலைமுறையில் அது 480 குதிரைத்திறன், பின்சக்கர ஓட்டம், 6 கியர். 510-லிருந்து மேலே போகும் காம்பெடிஷன் என்ற உயர் எம்3-இல் மேனுவல் கிடையாது. காம்பெடிஷன் வேகமானது, அடிப்படை எம்3 ஓட்டுபவருக்கு அதிக வேலை கொடுப்பது. அந்த வேலைக்காகத்தானே வாங்குகிறோம்.

சி63-இல் மூன்று தலைமுறைகள் மூன்று வேறு கார்கள். முதலாவது 6.2 லிட்டர் வி8, டர்போ இல்லாதது, சத்தத்துக்காகவே காதலிக்கப்படுவது. இரண்டாவது 4 லிட்டர் இரட்டை டர்போ வி8. மூன்றாவதுதான் மேலே சொன்ன நான்கு சிலிண்டர் ஹைபிரிட். 2,100 கிலோவைத் தொடும் எடை, மின்சாரத்தில் மட்டும் ஓடும் தூரம் 13 கிலோமீட்டர். பொறியியலாக அது வியக்கவைக்கிறது. ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை. சி63 வேண்டுமென்றால் நடுத் தலைமுறை.

வி8-ம் மேனுவல் கியரும் ஒன்றாக வேண்டும் என்பவருக்குக் காடிலாக் சிடி5-வி பிளாக்விங் இருக்கிறது. சூப்பர்சார்ஜருடன் 6.2 லிட்டர், 668 குதிரைத்திறன், அதற்குத் துணையாக நொடிக்கு நொடி கடினத்தை மாற்றிக்கொள்ளும் காந்த டாம்பர்கள். பல நாடுகளில் கிடைக்காது என்பதால் இதில் அதிகம் நிற்கவில்லை. ஆடி ஆர்எஸ்3 செடானின் ஐந்து சிலிண்டர் என்ஜின் கேட்டவுடன் அடையாளம் தெரியும், சின்னக் குடும்பத்துக்கு நல்ல தேர்வு.

புதிதா, பழையதா என்பதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். முதல் சில ஆண்டுகளில் இந்தக் கார்களின் விலை வேகமாகச் சரியும். புதிய சின்ன செடானின் விலைக்கு, பத்து வருடப் பழைய எம்5 கிடைக்கும். ஆனால் அந்த எம்5-இன் ஒரு டாம்பரோ டர்போவோ இன்றும் எம்5 விலைக்குத்தான் விற்கிறது. பட்ஜெட் போடும்போது கார் உங்களுக்கு என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதை வைத்துப் போடாமல், அது புதிதாக இருந்தபோது என்ன விலை என்பதை வைத்துப் பராமரிப்புச் செலவைக் கணக்கிடுங்கள். மலிவாக வந்த பழைய உச்ச மாடல்கள் பல, இரண்டாவது மூன்றாவது உரிமையாளரிடம் போய்ச் சர்வீஸ் இல்லாமல் கெட்டுப்போவதற்கு இந்தக் கணக்குப் பிழைதான் காரணம்.

அதனால் என் பரிந்துரை இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள், சர்வீஸ் ரசீதுகள் முழுமையாக இருக்கும், நிறுவன வாரண்டியோ நீட்டிப்போ இன்னும் மிச்சமிருக்கும் கார். பெரிய விலைச் சரிவை முதல் உரிமையாளர் தாங்கியிருப்பார்.

இதைவிடப் பழையதைத் தேடினால், என்ஜின் வாரியாகப் பலவீனங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். 2000-களின் நடுவில் வந்த வி10 எம்5-ம், அதன் தம்பியான வி8 எம்3-ம் நிமிடத்துக்கு 8,000 சுற்றுக்கு மேல் பாடும் அற்புதங்கள்; இரண்டிலும் பிஸ்டன் தண்டின் கனெக்டிங் ராடு பேரிங் தேயும், காற்று வால்வைத் திறக்கும் திராட்டில் ஆக்சுவேட்டர் கெடும். பேரிங் மாற்றிய ரசீது இருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். சி63-இன் 6.2 லிட்டரில் ஆரம்ப கால என்ஜின்களுக்கு சிலிண்டர் ஹெட் போல்ட் பிரச்சினை. 4.2 லிட்டர் வி8 கொண்ட பழைய ஆடி எஸ்4-இல் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் என்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதைத் தொட என்ஜினையே வெளியே இறக்க வேண்டும். செயின் ஒரு சின்னப் பாகம், ஆனால் கூலி பெரியது. நம்பகமாக ஓட ஒரு பழைய வி8 வேண்டுமென்றால் 2007-இல் அறிமுகமான லெக்ஸஸ் ஐஎஸ் எஃப்-ஐ நான் முதலில் சொல்வேன். அதிலும் என்ஜினின் மேல் பள்ளத்தில் கூலன்ட் கசிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும் நாளன்று என்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போய்ச் சேரும்போது பானெட் சூடாக இருந்தால், வேறொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். செயின் சத்தம், புகை எல்லாம் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முதல் சில நொடிகளில்தான் தெரியும். டயரின் உள்விளிம்பைக் குனிந்து பாருங்கள், வெளியே புதிதாகத் தெரியும் டயர் உள்ளே கம்பி தெரியத் தேய்ந்திருக்கும். டயர் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டும் அது தயாரான வாரத்தை, அடுத்த இரண்டும் ஆண்டைக் குறிக்கும். நான்கும் நான்கு மலிவு பிராண்டாக இருந்தால், ஆயில் விஷயத்திலும் அந்த உரிமையாளர் அப்படித்தான் இருந்திருப்பார் என்பது என் அனுபவம். என்ஜின் கம்ப்யூட்டரில் பவரை ஏற்றி மாற்றியிருக்கிறார்களா என்று ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றம் செய்ததைப் பழையபடி திருப்பிவைத்து விற்பவர்களும் உண்டு. இதற்கெல்லாம் அந்த பிராண்டில் வேலை செய்யும் தனி மெக்கானிக் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துக் காரை லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பது கட்டாயம். விற்பவர் அதற்கு மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

வாங்கியாகிவிட்டது. அப்புறம்? புதிய எம் கார் என்றால் 2,000 கிலோமீட்டரில் வரும் முதல் சர்வீஸைத் தவறவிடாதீர்கள்; அதில் என்ஜின் ஆயிலோடு டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் பவரைப் பிரிக்கும் பகுதி) ஆயிலும் மாற்றுவார்கள். அதுவரை முழு வேகம் வேண்டாம். என்ஜின் ஆயிலை, டாஷ்போர்டு நினைவூட்டும் வரை காத்திருக்காமல் அந்த இடைவெளியில் பாதிக்கே மாற்றுங்கள். நிறுவனம் சொல்லும் நீண்ட இடைவெளி வாரண்டி காலத்துக்குப் போதுமானது; நீங்கள் பத்து வருடம் வைத்திருக்க நினைத்தால் போதாது. கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சொல்லும் கார்களில் பலவற்றில் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் 8 கியர் ஆட்டோமேட்டிக். அதைத் தயாரிக்கும் இசட்எஃப் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. தயாரித்தவர் பேச்சைக் கேளுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

டயர்தான் தொடர்ந்து வரும் செலவு. முன்னால் 19, பின்னால் 20 அங்குலம் என்று வரும் எம்3 போன்ற கார்களில் முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டிக்க முடியாது. நான்கு சக்கர ஓட்டம் உள்ள காரில் ஒரு டயர் மட்டும் கிழிந்தாலும் மற்றவற்றின் தேய்மானத்தோடு ஒப்பிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். சுற்றளவு வேறுபட்டால், முன் பின் அச்சுகளுக்குப் பவரைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாமல் உழைத்துக் கெடும். கடும் குளிர் வரும் ஊரில் கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயரோடு ஓட்டாதீர்கள், 7 டிகிரிக்குக் கீழே அதன் ரப்பர் இறுகிப் பிடிமானம் போய்விடும். கார்பன் செராமிக் பிரேக் வேண்டாம். பந்தயப் பாதைக்கு அடிக்கடி போகாதவருக்கு இரும்பு டிஸ்க்கே தாராளம், மாற்றும் செலவும் அதில் ஒரு சிறு பங்கு.

மின்சார செடான்களை நான் ஒதுக்கவில்லை. 2019-இல் வந்த போர்ஷா டைகான், எடை அதிகமாக இருந்தும் ஸ்டீயரிங்கிலும் பிரேக்கிலும் பெட்ரோல் செடான்கள் பலவற்றை மிஞ்சுகிறது. பேட்டரி காரின் தரைத்தளத்தில் இருப்பதால் வளைவில் உடல் சாய்வது குறைவு. வீட்டிலேயே சார்ஜ் ஏற்ற வசதியிருந்தால் பட்டியலில் வையுங்கள். பழையதாக வாங்கினால் பேட்டரியின் நலன் பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், பேட்டரி வாரண்டி எவ்வளவு மிச்சம் என்பதையும் எழுத்தில்.

இவ்வளவும் பார்த்த பிறகு உங்களுக்காக நான் தேர்ந்தெடுப்பது, மூன்று வயதுக்குட்பட்ட எம்340ஐ, அடாப்டிவ் டாம்பரோடு, சிறிய வீலில். அதன் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜின் 2015-லிருந்து பல கார்களில் ஓடி நல்ல பெயர் எடுத்தது, டொயோட்டா சுப்ராவிலும் அதே குடும்பத்து என்ஜின்தான் இருக்கிறது. வாங்கும் முன் அதே நாளில் ஒரு ஜூலியாவையும் அதே சாலையில் ஓட்டிவிடுங்கள். ஜூலியாவின் ஸ்டீயரிங் உங்களைப் பிடித்துக்கொண்டது, நல்ல மெக்கானிக்கும் இருக்கிறார் என்றால் என் பேச்சை விட்டுவிட்டு அதையே எடுங்கள். இரண்டில் எதுவானாலும், முதல் வருடத்துக்கென்று ஒரு செட் டயர், ஒரு முழு சர்வீஸ், எதிர்பாராத ஒரு பெரிய ரிப்பேர் ஆகியவற்றுக்கான பணத்தைக் காரின் விலையோடு சேர்க்காமல் தனியாக எடுத்துவைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.